விளையாட்டைப் படைக்கும் மாணவர்கள்: 15 ஆயிரம் பள்ளி ஆய்வகங்கள் எதைக் கற்பிக்கும்?

புது தில்லி: நாட்டிலுள்ள 15 ஆயிரம் உயர்நிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் ஆகியவற்றுக்கான ஆய்வகங்கள் அமைக்க உதவி அளிக்கப்படும் என்று 2026-27-ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மும்பையில் உள்ள இந்தியப் படைப்புத் தொழில்நுட்பக் கழகத்தின் வாயிலாக இவை அமைக்கப்படும். 2030-ஆம் ஆண்டுக்குள் இத்துறைக்கு 20 லட்சம் பணியாளர்கள் தேவைப்படுவர் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம்.

வேலைவாய்ப்பு என்ற காரணம் தவறல்ல. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மாணவர்களில் மிகச் சிலரே பிற்காலத்தில் கணினி விளையாட்டு நிறுவனங்களில் பணிபுரியச் செல்வார்கள். மற்றவர்கள் விவசாயிகளாக, செவிலியர்களாக, கணக்கர்களாக, ஆசிரியர்களாக, வணிகர்களாக ஆவார்கள். அவர்களுக்கு இந்த ஆய்வகங்களால் என்ன பயன்? பொதுப் பணத்தில் அமையும் ஆய்வகம் குறித்துப் பெற்றோரும் வரி செலுத்துவோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

இதற்கு விடை காண, ஒரு மாணவர் சிறிய கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அப்போது பள்ளிப் பாடங்கள் ஒவ்வொன்றாக அவரது மேசைக்கு வந்து சேர்கின்றன. ஆனால் அவை தாமாகவே மனதில் பதிந்துவிடுவதில்லை என்பதையும் கடந்த 40 ஆண்டு கால ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரக் கருத்தில் கொண்டால்தான் 15 ஆயிரம் ஆய்வகங்களின் எதிர்காலத்தை மதிப்பிட முடியும்.

பரமபதமும் ஈவு, மீதியும்: உலகெங்கும் பள்ளிகளில் அதிகம் பயன்படும் நிரல் மொழிகளில் ஒன்று ஸ்க்ராட்ச். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட இதற்குக் கட்டணம் கிடையாது. ஆணைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளைப் போல ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் போதும். திரையின் நடுப்புள்ளி பூஜ்யம். வலப்புறம் 240 வரையும் இடப்புறம் மைனஸ் 240 வரையும், மேலே 180 வரையும் கீழே மைனஸ் 180 வரையும் செல்லலாம்.

இத்திரையில் ஒரு மாணவி பாம்பும் ஏணியும் கொண்ட பரமபத விளையாட்டை உருவாக்க முற்படுவதாகக் கொள்வோம். பக்கத்துக்கு 10 கட்டங்கள் வீதம் மொத்தம் 100 கட்டங்கள். திரையின் உயரம் 360 என்பதால் ஒரு கட்டத்தின் பக்கம் 36. முதல் வரிசை இடமிருந்து வலமாகவும் அடுத்த வரிசை வலமிருந்து இடமாகவும் செல்லும். காய் 37-ஆம் கட்டத்துக்குச் செல்ல வேண்டும் என்றால், அது திரையில் எந்த இடம்? பலகையில் விளையாடும்போது கண் பார்த்துக் கை நகர்த்திவிடும். கணினிக்குக் கண் கிடையாது. கணக்குச் சொல்லித்தர வேண்டும்.

37-இலிருந்து ஒன்றைக் கழித்து 10-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 6. ஈவு 3 என்றால் கீழிருந்து நான்காவது வரிசை. அது வலமிருந்து இடமாகச் செல்லும் வரிசை. மீதி 6 என்பதால் வலப்புறமிருந்து ஏழாவது கட்டம், அதாவது இடப்புறமிருந்து நான்காவது. அதன் நடுப்புள்ளி கிடை அச்சில் மைனஸ் 54, செங்குத்து அச்சிலும் மைனஸ் 54. தொடக்கப் பள்ளியில் படித்து மறந்த ஈவும் மீதியும், ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்களும், ஆறாம் வகுப்பில் வரும் குறை எண்களும், மத்தியப் பாடத்திட்டத்தில் நீண்ட காலமாக ஒன்பதாம் வகுப்பில் இடம்பெற்றுவந்த ஆயத்தொலைவுகளும் ஒரே காயை நகர்த்தும் வேலையில் தேவைப்படுகின்றன. "இதெல்லாம் எதற்குப் பயன்படும்?" என்று வகுப்பில் மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு இங்கே நேரடியாக விடை கிடைக்கிறது.

அடுத்து பகடை. இரண்டு பகடைகளை உருட்ட வேண்டிய இடத்தில் பல மாணவர்கள் "1 முதல் 12 வரை ஏதேனும் ஓர் எண்" என்று ஆணையிடக்கூடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டு பகடைகளை உருட்டினால் 1 என்ற எண் வரவே வராது. 12 வருவதற்கு 36-இல் ஒரு வாய்ப்பும், 7 வருவதற்கு 36-இல் ஆறு வாய்ப்புகளும் உண்டு. மாணவர் எழுதிய ஆணையிலோ எல்லா எண்களுக்கும் சமவாய்ப்பு. விளையாடிப் பார்க்கும் நண்பர்கள் "அடிக்கடி 12 விழுகிறதே" என்று முறையிடும்போதுதான் தவறு தெரியவரும். நிகழ்தகவுப் பாடத்தின் அடிப்படையே அந்த முறையீட்டில் அடங்கியிருக்கிறது.

விழும் பந்தும் இயற்பியலும்: அறிவியல் பாடத்துக்கும் இதே போன்ற எடுத்துக்காட்டைக் கூறலாம். மேலிருந்து விழும் பந்தைத் திரையில் காட்ட, தொடக்க நிலை மாணவர் "ஒவ்வொரு முறையும் 5 அலகு கீழே இறங்கு" என்று எழுதுவார். பந்து இறங்கும். ஆனால் மின்தூக்கி இறங்குவது போலச் சீராக இறங்கும். இது விழுவது போல இல்லை என்பது மாணவருக்கே தெரிகிறது. ஏன் இல்லை என்பதுதான் பாடம்.

வேகத்துக்குத் தனியாக ஒரு மாறியை வைத்து, ஒவ்வொரு படியிலும் அந்த வேகத்தில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் பந்து முதலில் 1, பிறகு 2, பிறகு 3 அலகுகள் என இறங்குகிறது. 10 படிகளில் 55 அலகுகள். 20 படிகளில் 210 அலகுகள். நேரம் இரு மடங்கானால் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் கலிலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிக் கண்ட விதியை மாணவர் தமது திரையில் காண்கிறார்.

பந்தை மேல்நோக்கி எறியச் செய்தால் இன்னொரு உண்மை புலப்படும். உச்சியை அடையும் கணத்தில் பந்தின் வேகம் பூஜ்யம். ஆயினும் வேகத்தை மாற்றும் அந்த ஒரு வரி ஆணை அப்போதும் இயங்கிக்கொண்டேயிருக்கிறது. "வேகம் பூஜ்யமானால் முடுக்கமும் பூஜ்யம்" என்பது இயற்பியல் படிக்கும் மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறான கருத்து. வேகமும் முடுக்கமும் வெவ்வேறு என்பதை, தாமே எழுதிய இரு வரிகளின் வழியாக மாணவர் உணர்கிறார்.

விதியை எழுதும் மொழி: விளையாட்டுக்கு விதிகள் வேண்டும். அவற்றை வேறொருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். "எதிரியைத் தொட்டால் உயிர் போகும்" என்று எழுதினால் போதாது. யார் யாரைத் தொட்டால், எத்தனை உயிர்களில் ஒன்று போகும், தொட்டுக்கொண்டே நின்றால் நொடிக்கு ஒன்று போகுமா என்றெல்லாம் கேள்விகள் எழும். ஸ்க்ராட்ச் மொழி நொடிக்கு 30 முறை தனது ஆணைகளைச் சுற்றிவரக்கூடியது என்பதால், இதைக் கவனிக்காத மாணவரின் விளையாட்டு பத்தில் ஒரு நொடியில் மூன்று உயிர்களும் போய் முடிந்துவிடும். ஒரு வாக்கியத்தின் தெளிவின்மை என்ன விளைவைத் தரும் என்பதை இதைவிட விரைவாக உணர்த்தும் மொழிப் பயிற்சி அரிது.

இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கான விளையாட்டு என்றால் சொற்கள் எளிமையாக வேண்டும். கதைமாந்தரின் உரையாடல் திரையின் ஓரத்தில் அடங்க வேண்டும். சுருக்கி எழுதவும், படிப்பவரை மனதில் கொண்டு எழுதவும் மாணவர் பழகுகிறார். தாய்மொழியில் எழுத வாய்ப்பளித்தால் இப்பயிற்சி முழுமை பெறும்.

தண்டி யாத்திரை விளையாட்டானால்: வரலாறு, சமூக அறிவியல் பாடங்களுக்கும் இது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். 1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்திலிருந்து காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் புறப்பட்டார். சுமார் 385 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 5-ஆம் தேதி தண்டியை அடைந்தார். மறுநாள் உப்பெடுத்தார். இதைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் மாணவர் தேதிகளை மனப்பாடம் செய்கிறார். விளையாட்டாக்க முனையும் மாணவர் முதலில் தூரத்தை நாள்களால் வகுக்கிறார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வருகிறது. 61 வயது நிறைவை நெருங்கிய ஒருவருக்கு அது எளிதல்ல என்பது புரிகிறது.

அடுத்து வருவது கடினமான கேள்வி. இந்த விளையாட்டில் வெற்றி என்பது எது? காவலர் தடியால் அடிக்கும்போது திருப்பி அடித்தால் மதிப்பெண் கூடுமா, குறையுமா? சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான விளையாட்டுகளில் அடிப்பவர்தான் வெல்வார். இங்கே திருப்பி அடித்த கணமே தோல்வி என்று விதி எழுத வேண்டும். சேர்ந்து நடக்கும் மக்களின் எண்ணிக்கை கூடுவதே வெற்றி என்று வைக்க வேண்டியிருக்கும். சத்தியாகிரகம் என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண் விடை எழுதுவதற்கும், அதை விதியாக வகுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பொருளியலுக்கும் நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் நிலத்தடி நீரைப் பகிர்ந்துகொள்வது பற்றிய விளையாட்டு ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் விவசாயிகளிடம் நடத்தினர். கணினி இல்லாமல் குழுவாக ஆடப்பட்ட அதில், ஒவ்வொரு சுற்றிலும் அதிக நீர் தேவைப்படும் பயிரா, குறைந்த நீர் போதுமான பயிரா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் அதிக லாபம் தரும் பயிரையே தேர்ந்தெடுத்தால் நீர் வற்றிவிடும். ஆடி முடித்த பிறகு, விளையாட்டு நடந்த ஊர்களில் நீர்ப் பயன்பாட்டுக்கு விதிகள் வகுத்துக்கொள்ளும் போக்கு அதிகமாகக் காணப்பட்டது என்று ஆய்வறிக்கை கூறியது. இத்தகைய விளையாட்டைக் கணினியில் உருவாக்கும் மாணவர், தமது வட்டத்தில் எவ்வளவு மழை பெய்கிறது, நெல்லுக்கும் பயறுக்கும் எவ்வளவு நீர் தேவை என்ற புள்ளிவிவரங்களைத் தேடியாக வேண்டும். எண்களைத் தவறாகக் கொடுத்தால் விளையாட்டு உண்மைக்கு மாறாக நடக்கும்.

எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான ஒன்றும் உண்டு. தேர்வுத் தாளில் தவறான விடைக்குச் சிவப்பு மையால் ஒரு கோடு. அத்துடன் அது முடிந்துவிடும். விளையாட்டு உருவாக்கத்தில் பிழைதான் அடுத்த வேலையின் தொடக்கம். எந்த வரியில் பிழை என்று தேடி, ஊகித்து, மாற்றி, மீண்டும் இயக்கிப் பார்ப்பது அறிவியல் ஆய்வின் நடைமுறையே. இதில் மாணவரைக் கண்டிப்பவர் யாருமில்லை; ஓடாத நிரல் தானாகவே தவறைச் சொல்லிவிடுகிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன: இந்தச் சிந்தனை புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கணித அறிஞர் சீமோர் பாப்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினர். தாமே ஒன்றை உருவாக்கும்போதுதான் குழந்தைகள் ஆழமாகக் கற்கின்றனர் என்பது பாப்பர்ட்டின் கொள்கை. அதன்மீது பெரும் நம்பிக்கை பிறந்தது. பின்னர் ஏமாற்றமும் வந்தது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வின்படி, லோகோ கற்ற குழந்தைகள் வேறு வேலைகளைத் திட்டமிடுவதில் மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. நிரல் கற்றால் பொதுவான சிந்தனைத் திறன் தானாக வளரும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பாஸ்டன் நகரப் பள்ளியொன்றில் இடித் ஹாரெல் வேறுவிதமாக முயன்றார். நான்காம் வகுப்பு மாணவர்கள் 17 பேரிடம், தங்களைவிட இளையவர்களுக்குப் பின்னங்களைக் கற்பிக்கும் மென்பொருளை உருவாக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட வகுப்புகளைவிட அவர்கள் பின்னங்களிலும் நிரலிலும் மேம்பட்டனர். அவரைத் தொடர்ந்து யாஸ்மின் கஃபாய், 16 மாணவர்களைப் பின்னங்கள் குறித்த கணினி விளையாட்டுகளையே உருவாக்கச் செய்து பல மாதங்கள் கவனித்து, 1995-இல் நூலாக வெளியிட்டார். அங்கு நிரல் மட்டும் கற்பிக்கப்படவில்லை. பின்னம் என்ற பாடமே விளையாட்டின் கருவாக இருந்தது. அதைப் பிறருக்கு விளக்கும் பொறுப்பும் மாணவர்களிடம் இருந்தது.

இதற்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் 100-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஸ்க்ராட்ச் மொழியையும் கணிதத்தையும் இணைத்து இரண்டாண்டுகள் நடந்த திட்டத்தின் மதிப்பீடு 2018-இல் வெளியானது. மாணவர்களின் நிரல்சார் சிந்தனை வளர்ந்திருந்தது. ஆனால் தேசிய அளவிலான கணிதத் தேர்வில் மதிப்பெண் உயர்வு எதுவும் காணப்படவில்லை. ஆகவே, கணினியில் விளையாட்டு உருவாக்கினால் கணக்கில் மதிப்பெண் கூடிவிடும் என்று எவரேனும் உறுதி கூறினால் அதை ஏற்பதற்கில்லை. பாடத்தின் கருத்து விளையாட்டின் மையத்தில் இருக்க வேண்டும். அதைச் சுட்டிக்காட்டிப் புத்தகத்துடன் இணைக்கும் ஆசிரியரும் வேண்டும். 37-ஆம் கட்டத்தை அடைய நண்பரிடமிருந்து நான்கு வரி நிரலைப் படியெடுத்த மாணவர் ஈவும் மீதியும் கற்றிருக்க மாட்டார். "ஏன் ஒன்றைக் கழித்தாய்?" என்று ஆசிரியர் கேட்டால்தான் கற்றாரா என்பது தெரியும்.

முந்தைய திட்டங்கள்: பள்ளிகளுக்குக் கணினி கொண்டுவரும் மத்திய அரசின் முயற்சி 1984-85-இல் தொடங்கியது. "கிளாஸ்" என்றழைக்கப்பட்ட அந்த முன்னோடித் திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. 2004-இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் வந்தது. 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் 10 ஆயிரம் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைந்தன. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50 ஆயிரம் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலிருந்து நிரல் எழுதும் செயல்பாடுகள் இடம்பெறும் என்றது. 2021-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் இணைந்து 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கோடிங் பாடத்துக்கான கையேடுகளை வெளியிட்டது. 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் கற்பிக்கப்படும் என மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அதற்கான பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவுக்குச் சென்னை ஐஐடி பேராசிரியர் கார்த்திக் ராமன் தலைவராக நியமிக்கப்பட்டார்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்கலாம். ஒவ்வொரு முறையும் கணினியோ நிரலோ தனிப் பாடமாக, தனி அறையாக, தனித் திட்டமாக வருகிறது. கணக்கு ஆசிரியர் தமது வகுப்பிலும், கணினிப் பயிற்றுநர் தமது அறையிலும் இருக்கின்றனர். இரண்டுக்கும் இடையிலான கதவு மூடியிருந்தால், பரமபதக் காயில் ஒளிந்திருக்கும் ஈவும் மீதியும் யார் கண்ணிலும் படாமல் போகும்.

கேரளத்தின் பாதை: இவ்விஷயத்தில் கேரளம் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. 2001-இல் தொடங்கிய "ஐடி அட் ஸ்கூல்" திட்டம் கணினிக்கெனத் தனி ஆசிரியர் படையை அமர்த்துவதைவிட, ஏற்கெனவே பணியிலிருந்த பாட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதையே பெரிதும் நம்பியது. பயிற்சி அளித்தவர்களும் ஆசிரியர்களிலிருந்தே தேர்வு செய்யப்பட்டனர். உரிமக் கட்டணம் இல்லாத கட்டற்ற மென்பொருள்கள் பயன்படுத்தப்பட்டன. 2017-இல் இத்திட்டம் "கைட்" என்ற அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. தொடக்க வகுப்புகளுக்கான கணினிப் பாடநூலுக்கு விளையாட்டுப் பெட்டி என்று பொருள்படும் "களிப்பெட்டி" என்றே பெயரிடப்பட்டது. மலையாளம், ஆங்கிலம் மட்டுமன்றி தமிழ், கன்னட வழியில் பயிலும் மாணவர்களுக்கும் கணினிப் பாடநூல்கள் வெளியிடப்பட்டன. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்களுக்கு இது பயன் தந்தது.

2018 ஜனவரியில் தொடங்கப்பட்ட "லிட்டில் கைட்ஸ்" மாணவர் மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தன. 8 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான உறுப்பினர்கள் அனிமேஷன், நிரல், மின்னணுவியல் ஆகியவற்றில் பயிற்சி பெறுகின்றனர். 2023-இல் நடைபெற்ற பள்ளி முகாம்களில் ஓணம் பண்டிகையைக் கருவாகக் கொண்ட கணினி விளையாட்டுகளை மாணவர்கள் உருவாக்கினர். கேரளத்திலும் குறை இல்லாமல் இல்லை. இம்மன்றங்களுக்கு நுழைவுத் தேர்வின் மூலமே மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். எனவே ஆர்வமும் திறனும் ஏற்கெனவே உள்ளவர்களுக்கே முதல் வாய்ப்பு. கணக்கில் பின்தங்கியவருக்குத்தான் பரமபதக் காய் அதிகம் உதவக்கூடும் என்பதை எண்ணினால், இது சிந்திக்க வேண்டிய விஷயம்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை: மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25-ஆம் ஆண்டுக்கான புள்ளிவிவரப்படி நாட்டில் 14.71 லட்சம் பள்ளிகள் உள்ளன. அவற்றில் 64.7 சதவீதப் பள்ளிகளில் கணினி வசதியும் 63.5 சதவீதப் பள்ளிகளில் இணைய வசதியும் உள்ளன. முந்தைய ஆண்டில் இவை முறையே 57.2 சதவீதமாகவும் 53.9 சதவீதமாகவும் இருந்தன. முன்னேற்றம் உண்டு என்றாலும், மூன்றில் ஒரு பள்ளியில் இன்னும் கணினி இல்லை. ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு இயங்கும் பள்ளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

அறிவிக்கப்பட்ட 15 ஆயிரம் ஆய்வகங்கள் மொத்தப் பள்ளிகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. அந்த ஒரு பள்ளி எது என்பதை யார், எந்த அடிப்படையில் தீர்மானிப்பார்கள் என்பது முக்கியம். கல்வி 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் உள்ளது. ஆசிரியர்களை நியமிப்பதும் அவர்களுக்கு ஊதியம் அளிப்பதும் பெரும்பாலும் மாநிலங்களே. எனவே மாநில அரசுகளையும் மாநிலப் பாடத்திட்டங்களையும் விலக்கி வைத்து இத்திட்டத்தை நடத்த முடியாது. ஏற்கெனவே நல்ல கட்டடமும் மின் வசதியும் உள்ள நகரப் பள்ளிகளுக்கே ஆய்வகங்கள் சென்றால் இடைவெளி மேலும் அகலும்.

விலை உயர்ந்த கருவிகள் இன்றியமையாதவை என்ற எண்ணமும் மறுபரிசீலனைக்குரியது. தொழில்முறை விளையாட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் உயர்திறன் கணினிகள் பயிற்சி நிலையங்களுக்குத் தேவைப்படலாம். ஈவும் மீதியும் கற்கப் பழைய கணினி போதும். விதிகளை வகுக்கவும் சோதிக்கவும் முதல் கட்டத்தில் அட்டையும் பகடையுமே போதும்.

வணிகமும் எச்சரிக்கையும்: 2020-இல் பொதுமுடக்கக் காலத்தில், சிறுவர்களுக்கு இணையவழியில் கோடிங் கற்பிப்பதாகக் கூறும் விளம்பரங்கள் பெருகின. நிரல் கற்ற சிறுவன் கோடிக்கணக்கில் ஊதியம் பெறுவதாகச் சித்திரித்த விளம்பரங்கள் கண்டனத்துக்குள்ளாயின. அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பெறுமாறு விளம்பரத் தரநிலைக் கவுன்சில் அறிவுறுத்தியது. வேலை என்ற ஒரே அளவுகோலால் குழந்தைகளின் கற்றலை அளந்தால் என்ன நேரும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அம்மாதம் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மின்னணு விளையாட்டுப் போட்டிகளையும் கல்வி சார்ந்த விளையாட்டுகளையும் ஊக்குவிப்பது அச்சட்டத்தின் மற்றொரு நோக்கம். பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டுகளில் மூழ்கிக் கிடப்பது குறித்துக் கவலைப்படும் பெற்றோர், பள்ளியிலும் விளையாட்டா என்று கேட்பது இயல்பே.

ஆனால் ஆடுவதும் உருவாக்குவதும் ஒன்றல்ல. பரிசு எப்போது, எத்தனை முறைக்கு ஒருமுறை கிடைக்க வேண்டும் என்று தாமே எண்ணை நிர்ணயித்துப் பார்த்த மாணவருக்கு, கைப்பேசியில் "இன்னும் ஒரே ஒரு முறை" என்று தூண்டும் விளையாட்டின் சூத்திரம் தெரிந்துவிடும். அதிர்ஷ்டம் என்று தோன்றுவது வேறொருவர் முன்கூட்டியே எழுதிவைத்த எண் என்பது புரிந்துவிடும். சட்டத்தின் தடையோடு இந்தப் புரிதலும் சேர்ந்தால்தான் பிள்ளைகளுக்கு உண்மையான பாதுகாப்பு.

இத்துறைக்கென அமைக்கப்பட்ட மத்தியப் பணிக்குழு, பள்ளி அளவிலேயே படைப்பாற்றல் சார்ந்த பாடங்களைக் கொண்டுவர வேண்டும் என்று 2022 டிசம்பரில் அளித்த அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்பாடங்கள் புதிதாக மற்றொரு தேர்வுத் தாளாக வந்து சேருமா, அல்லது ஏற்கெனவே உள்ள கணக்கு, அறிவியல், மொழி, வரலாறு ஆகியவற்றுக்குள் நுழைந்து அவற்றை உயிர்ப்பிக்குமா என்பதே இப்போது தீர்மானிக்கப்பட வேண்டியது.

அதற்கான அளவுகோல்கள் சிக்கலானவை அல்ல. ஆய்வகத்தின் கால அட்டவணையில் கணக்கு ஆசிரியருக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் இடம் உண்டா? பயிற்சி கணினிப் பயிற்றுநருக்கு மட்டுமா, பாட ஆசிரியர்களுக்குமா? தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கா, வகுப்பு முழுவதற்குமா? மாணவர் தாய்மொழியில் விதி எழுதலாமா? இக்கேள்விகளுக்கான விடை, ஆய்வகங்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது. 20 லட்சம் பணியாளர்களை உருவாக்குவது ஒரு துறையின் தேவை. 37-ஆம் கட்டத்துக்குச் செல்லும் வழியைத் தானே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் மாணவியை உருவாக்குவது பள்ளியின் கடமை.